ஐரிஷ் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கப் போனது

ரொறன்ரோவில் என்னை முதலில் குழப்பியது வெயில். விமான நிலையக் கண்ணாடிக்கு வெளியே யாழ்ப்பாணத்துச் சித்திரை மாதம் போல எறித்துக்கொண்டிருந்தது. போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு வாசலைத் தாண்டினேன். காற்று கன்னத்தில் அறைந்தது. "பெரியம்மா, ஜாக்கெட்டைப் போடுங்கோ, இட்ஸ் ஃப்ரீஸிங்!" என்று ஓடி வந்தாள் தங்கையின் மகள் ஆரணி. இந்த ஊரில் வெயில் வேறு, சூடு வேறு. கண்ணால் பார்த்ததை நம்பக்கூடாது என்ற பாடத்தை அன்றே படித்திருக்கலாம். நான் படிக்கவில்லை.

நான் ஊர் பார்க்க வரவில்லை. என்னை வரவழைத்ததே ஆரணியின் கலியாணப் பேச்சுத்தான். அவள் விமான நிலையத்தில் வேலை செய்கிறாள். அங்கே கூட வேலை செய்யும் கோனர் என்ற ஐரிஷ் பெடியனைத்தான் கட்டுவேன் என்று தாயிடம் சொல்லிவிட்டாள். தாய், அதாவது என் தங்கை பத்மா, ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அக்கா, நீ ஒருக்கா வந்து விசாரிச்சுப் பார். நீ சொன்னாப் பிறகு நான் சொல்லுறன்."

விசாரிப்பு என்பது எங்கள் பக்கத்தில் ஒரு தனிக் கலை. பெண் கொடுப்பதற்கு முன் பெண் வீட்டு ஆள் ஒருவர் மாப்பிள்ளையின் ஊருக்குச் சத்தமில்லாமல் போவார். பக்கத்துக் கடையில் வெற்றிலை வாங்குவது போல நின்று வாயைக் கிளறுவார். தகப்பன் குடிகாரனோ, பாட்டனுக்கு ஏதும் நோய் நொடி இருந்ததோ, அயலோடு எல்லைச் சண்டை உண்டோ என்று எல்லாவற்றையும் அறிந்துகொண்டு, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமலே திரும்பிவிடுவார். எங்கள் குடும்பத்தில் இந்த வேலை எப்போதும் என் தலையில்தான். ஆளைப் பார்த்தால் அப்பாவி, காது மட்டும் கூர்மை என்பார்கள்.

போதாக்குறைக்கு எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. நெடுங்காலம் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், தட்டெழுத்தாளராக இருந்தேன். அரசாங்கக் கடிதங்களை ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். ஆனால் அந்தக் கடிதங்களில் மனிதர்கள் பேசுவதில்லை. ஒரு ஐரிஷ்காரர் வாய் திறந்து பேசினால் அது எப்படி இருக்கும் என்று கச்சேரி எனக்குச் சொல்லித் தரவில்லை.

பத்மாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவளுடைய கணவர் மகேந்திரன் இயக்கத்தில் வாகனங்கள் திருத்தியவர். யுத்தம் முடிந்தபோது முல்லைத்தீவில் ராணுவத்திடம் சரணடைந்தார். அதன் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பத்மா சின்னப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு எங்கெல்லாமோ அலைந்து கடைசியில் இங்கே வந்து சேர்ந்தாள். அன்று அந்த இடத்தில் என்ன நடந்தது என்று அவள் எங்களுக்குச் சொன்னதில்லை. பிள்ளைக்கும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

நகரத்தின் கிழக்கு ஓரத்தில், மல்வேர்னில் அவர்களுடையது வரிசை வீடுகளில் ஒன்று. பத்மா ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலைக்குப் போகிறாள். விடியுமுன்பே பஸ் தரிப்பில் எங்கள் ஆட்கள் தலையை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. "பக்கத்து வீட்டில ஆர்?" என்று கேட்டேன். "தெரியாது அக்கா, கார் வெள்ளை" என்றாள் பத்மா. பக்கத்து வீட்டுக்காரரைத் தெரியாத ஊரில் நான் யாரிடம் போய் விசாரிப்பேன்?

சாப்பாட்டில் மட்டும் குழப்பம் இல்லை. பிளாசாக் கடையில் இடியப்பமும் சொதியும் சுடச்சுடக் கிடைக்கின்றன. கொத்து ரொட்டி கொத்தும் சத்தம் கேட்கிறது. ஊரில் நான் காலையில் பாணும் சம்பலும் தின்றுகொண்டிருக்க, இவர்கள் இங்கே புட்டு தின்கிறார்கள். யார் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்மாவும் ஆரணியும் வேலைக்குப் போன பிறகு நான் நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ரெக்ஸ்டேலுக்குப் புறப்பட்டேன். மாப்பிள்ளையின் தகப்பன் டெக்லன் அங்கேதான் இருக்கிறார். விலாசத்தைப் பத்மா சொல்லியிருந்தாள். பஸ் இலக்கமும் சொல்லியிருந்தாள். இலக்கம் சரியாகத்தான் ஏறினேன். திசைதான் பிழைத்துவிட்டது. கடைசித் தரிப்பில் எல்லோரும் இறங்க நான் மட்டும் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தேன். சாரதி தலைப்பாகை கட்டிய சீக்கியர். திரும்பிப் பார்த்தார். "அம்மா, அசையாமல் இருங்கள். நான் வந்த வழியே திரும்பிப் போகிறேன். நீங்களும் திரும்பிவிடலாம்" என்றார். எங்கள் ஊர் மினிபஸ் என்றால் கொண்டக்டர் என்னை இறக்கிவிட்டு, ஊருக்கெல்லாம் கேட்கும்படி புத்தியும் சொல்லியிருப்பான்.

ரெக்ஸ்டேலில் இறங்கியதும் முறைப்படி முதலில் மூலைக்கடைக்குப் போனேன். வெற்றிலை இல்லாததால் ஒரு பைக்கட் சூயிங் கம் வாங்கினேன். "இந்தத் தெருவில் டெக்லன் என்று ஒருவர் இருக்கிறாரே, ஆள் எப்படி?" கடைக்காரர் யோசித்தார். "பால் வாங்குவார்" என்றார். பிறகு, "லொத்தர் சீட்டும் வாங்குவார்" என்றார். சூதாட்டம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்ததாக நாயோடு நடந்து வந்த ஒரு பெண்ணை மறித்தேன். டெக்லன் குடிப்பாரா, அயலோடு சண்டை சச்சரவு உண்டா என்று பணிவாகத்தான் கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எதிர் வீட்டை நோக்கிப் பெரிய குரலில், "டெக்லன்! இங்கே ஒரு அம்மா உன்னைப் பற்றி விசாரிக்கிறார்!" என்று கூப்பிட்டாள். என் பரம்பரையில் இப்படி ஒரு மானக்கேடு நடந்ததில்லை.

வெளியே வந்தவர் உயரமான மனிதர், வெள்ளைத் தலை, சிவந்த மூக்கு. கோனர் என் படத்தைக் காட்டியிருக்கிறான் போல. "நீங்கள் ஆரணியின் பெரியம்மா அல்லவா? உள்ளே வாருங்கள், குளிர்கிறது" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனார். நான் திருதிருவென்று முழித்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் நான் குடித்த நல்ல தேத்தண்ணி அந்த வீட்டில்தான். நன்றாகக் கறுக்க ஊறவைத்து, பால் விட்டு, பெரிய கோப்பையில் தந்தார். அவித்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோவாவும் வைத்தார். பக்கத்தில் இறைச்சி. வெள்ளிக்கிழமை நான் மச்சம் தொடுவதில்லை என்றேன். அவர் உடனே தட்டை மாற்றினார். "என் அம்மாவும் வெள்ளிக்கிழமை இறைச்சி தொட மாட்டார்" என்றார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. விசாரிக்கப் போன இடத்தில் ஆளைப் பிடிப்பது ஆகாது. ஆனாலும் பிடித்துவிட்டது.

மனைவி இறந்து சில வருடங்கள் ஆயிற்றாம். முன்பு வீடுகளுக்குச் சாந்து பூசும் வேலை செய்தவர். சொந்த இடம் அயர்லாந்தில் டப்ளினுக்குக் கிட்ட. "உங்கட ஆக்கள் ஆர்?" என்ற எங்கள் கேள்வியை நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அதுதான் கேட்கக் கூடாத கேள்வி. மடை திறந்தது.

அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். "எங்கள் பெடியன் ஒருவன் இருந்தான். அவனுக்கு இருபது வயது தாண்டியிருக்கும். அவனுடைய அப்பாதான் எங்கள் பகுதிக்கெல்லாம் பெரியவர். ஆங்கிலேயர்கள் அவரை லண்டனுக்குக் கூப்பிட்டுச் சிறையில் போட்டார்கள். கொன்றுவிட்டார்கள் என்று ஊரில் ஒரு கதை வந்தது. பொய்க் கதை. ஆனால் பெடியன் நம்பிவிட்டான். ஆட்களைத் திரட்டிக்கொண்டு அரசாங்கக் கூட்டத்துக்குள் போனான். அவர்கள் தந்த வாளை மேசையில் எறிந்தான். இனி நான் உங்கள் ஆள் இல்லை, உங்கள் எதிரி என்றான். அன்றைக்கு எங்கள் ஆட்கள் எல்லோருடைய தலைக்கவசத்திலும் பட்டுக் குஞ்சம் இருந்தது."

வாள் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். ஏன் வர வேண்டும்? எங்கள் கச்சேரிச் சுவரில் தொங்கிய, அந்தக் காலத்து வெள்ளைக்கார அரசாங்க ஏஜண்டின் படத்திலும் இடுப்பில் வாள் உண்டு. பட்டுக் குஞ்சமோ? ஒவ்வொரு படைக்கும் ஒரு அடையாளம் இருக்கும்தானே.

டெக்லன் தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். "இது எங்கள் கோட்டை. பீரங்கியால் அடித்தார்கள். உள்ளுக்குள் இருந்த ஒருவனே காட்டிக் கொடுத்தான்." பார்த்தேன். கூரையில்லை. சுவர் பாதிக்கு மேல் இல்லை. நடுவில் புல் முளைத்திருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. எங்கள் பக்கத்தில் இப்படி எத்தனை வீடுகள் நின்றன. கோட்டைச் சண்டை என்றால் பழங்காலம் என்று மற்றவர்களுக்குத் தோன்றலாம். யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி நின்று இயக்கப் பெடியள் சண்டை பிடித்ததை நான் கண்ணால் பார்த்தவள். அயர்லாந்துச் சண்டை பற்றி ரேடியோவில் செய்தி கேட்டே வளர்ந்தவள். இது என் வயதுக்காரர் கதை என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

"கடைசியில் பெடியனிடம், வந்து சரணடை, உயிருக்கு ஒன்றும் வராது என்று வாக்குக் கொடுத்தார்கள். நம்பிப் போனான். சிறையில் போட்டார்கள். அவனுடைய அப்பாவின் சகோதரர்கள் ஐந்து பேரையும் விருந்துக்குக் கூப்பிட்டுப் பிடித்தார்கள். அவர்களில் சிலர் சண்டைப் பக்கமே போகாதவர்கள். எல்லோரையும் கொன்றுபோட்டார்கள்." டெக்லனின் கண் சிவந்திருந்தது. "சிறைச் சுவரில் தன் பெயரைச் செதுக்கத் தொடங்கியிருக்கிறான். முடிக்கவில்லை."

"உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டேன். அதைக் கேட்காமல் வந்தால் அது விசாரிப்பே இல்லை.

"அம்மாவின் ஆட்கள்" என்றார்.

தாய்வழி என்றால் மாமன் முறை என்று நான் தீர்த்துக்கொண்டேன். எப்போது நடந்தது என்று ஏன் கேட்கவில்லை என்று ஆரணி பிறகு என்னோடு சண்டை பிடித்தாள். சரணடைந்தவனின் வீட்டில் இருந்துகொண்டு, எப்போது, எந்த வருடம் என்று கேட்பார்களா? சொந்தத் தங்கையிடமே நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை யூனியன்வில்லில் குணம் அண்ணை வீட்டில் கூடினோம். இவர் மகேந்திரனின் தமையன். குடும்பத்தில் ஆம்பிளைப் பொறுப்பு அவரிடம்தான். வீட்டில் கராஜே எங்கள் பழைய வீட்டு அளவு இருக்கும். ஆரணி இல்லாத நேரம் பார்த்து நான் அறிக்கையைச் சமர்ப்பித்தேன். லொத்தர் சீட்டிலிருந்து சுவரில் செதுக்கிய பெயர் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை.

குணம் அண்ணை எழும்பி நடந்தார். "நாங்கள் பட்டது காணாதோ? இவ்வளவு தூரம் ஓடி வந்து, திரும்பவும் ஒரு இயக்க வீட்டிலயோ பிள்ளையைக் குடுக்கிறது? அவளுக்கு ஏர்போட் வேலை. பொலிஸ் கிளியரன்ஸ் எடுக்கேக்கை இதுகளைத் தோண்டினா என்ன செய்யிறது?"

"அந்தக் கணக்கிலை பாத்தா உங்கட வீடும் இயக்க வீடுதானே, அண்ணை?" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். என்ன வேறு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது. நல்ல மனிதர் ஒருவரின் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, அந்த வீட்டுச் சம்பந்தத்தை நானே கெடுக்கிறேனா?

பத்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்தப் பெடியன்ர உடம்பையாவது குடுத்தவையோ அக்கா?"

"கேக்கேல்லை."

"நாளைக்கு அவையைச் சாப்பிடக் கூப்பிடு" என்றாள்.

ஞாயிறு காலையில், நான் ரெக்ஸ்டேலுக்குப் போனது ஆரணிக்குத் தெரிந்துவிட்டது. கோனர் சொல்லிவிட்டான். "பெரியம்மா, யூ வென்ட் டு ஸ்பை?" என்று கத்தினாள். "ஸ்பை இல்லைப் பிள்ளை, விசாரிப்பு" என்றேன். "வட்ஸ் த டிஃபரன்ஸ்?" என்று கேட்டாள். "அம்மா நோ சொன்னா நான் என்ன செய்யிறது? அப்பாவும் இல்லை. அம்மாவை விட்டிட்டுப் போக எனக்கு ஏலாது" என்றாள். எனக்கு என்னை நானே அறைய வேண்டும் போலிருந்தது.

தகப்பனும் மகனும் மத்தியானம் வந்தார்கள். டெக்லன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். பத்மா சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கோழிக்கறி எல்லாம் சமைத்திருந்தாள். டெக்லன் கோழிக்கறியைத் தொட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார். மறுபடி தொட்டுவிட்டு மறுபடி குடித்தார். ஆனாலும் விடவில்லை. சிவந்த மூக்கு இன்னும் சிவந்தது.

குணம் அண்ணைக்குப் பொறுமை இல்லை. "பிள்ளை, இவரிட்டைக் கேள். உங்கட அந்தப் பெடியன் சரணடைஞ்சது எப்ப? அந்த வழக்கு முடிஞ்சிட்டுதோ?"

ஆரணி ஆங்கிலத்தில் கேட்டாள். டெக்லன் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு ஏதோ சொன்னார். ஆரணி அவரையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது.

"பெரியம்மா, இது கிட்டத்தட்ட ஐந்நூறு வருசத்துக்கு முந்தி! அவன் ஒரு லோர்ட். ஹென்றி ராசா காலம்!"

கோனர் சிரித்தான். டெக்லன் விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். குணம் அண்ணை, "ஐந்நூறோ? அட, அப்ப கிளியரன்சுக்குப் பிரச்சினை இல்லை" என்று சொல்லி, மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? கூரையில்லாத ஒரு கோட்டையைப் பார்த்து நெஞ்சடைத்தவள் நான். வெட்கத்தில் காது சுட்டது.

பத்மா மட்டும் சிரிக்கவில்லை. சோறு போட எடுத்த கரண்டி கையிலேயே இருந்தது.

"ஐந்நூறு வருசமாகியும் எங்கட பெடியன் எண்டுதான் சொல்லுறாரோ? கேள் ஆரணி."

ஆரணி கேட்டாள். டெக்லன் ஆச்சரியப்பட்டார். "வேறு எப்படிச் சொல்வது? எங்கள் பெடியன்தானே" என்றார்.

பத்மா கரண்டியை வைத்துவிட்டு அவருக்கு எதிரே இருந்தாள். "நான் சொல்லுறதை அவருக்குச் சொல்லு" என்றாள் மகளிடம். "எங்களுக்கும் அப்பிடித்தான் சொன்னவை. பயப்பிடாமல் வாங்கோ, பேரைப் பதிஞ்சிட்டு விட்டிடுவம் எண்டு. என்ர மனுசன் போவம் எண்டவர். நான்தான் யோசிச்சனான்."

ஆரணி ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் யாருக்கோ மொழிபெயர்ப்பது போல ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பிள்ளை அவற்ற தோளில இருந்தவள். பசியில அழுதுகொண்டிருந்தவள். இறக்கி என்ர கையில தந்திட்டு, இவளுக்கு ஏதும் குடு, நான் பதிஞ்சிட்டு வாறன் எண்டவர்."

ஆரணி அதையும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பிள்ளை யார் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கோனர் கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்தான்.

பத்மா நிறுத்தவில்லை. "அவையை பஸ்ஸில ஏத்தினவை. அவர் யன்னல் பக்கம் இருந்தவர். நான் பையுக்குள்ள பிஸ்கட் தேடிக்கொண்டு நிண்டனான். பிள்ளை அழுகுதெண்டு. நிமிர்ந்து பார்க்க பஸ் இல்லை. போனதை நான் பார்க்கேல்லை அக்கா. கையைக் காட்டியிருப்பார். நான் பார்க்கேல்லை."

ஆரணியால் இனி முடியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தானே ஆங்கிலம் தெரிந்தவள். பஸ் என்றேன். யன்னல் என்றேன். பிஸ்கட் என்றேன். இலக்கணம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. டெக்லன் மேசையில் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே கேட்டார். அழுதார். துடைக்கவில்லை. குணம் அண்ணை எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். அங்கிருந்து மூக்கைச் சீறும் சத்தம் கேட்டது.

பத்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அக்கா, ஆரணியை இந்த வீட்டிலயே குடுப்பம். இவர் ஐந்நூறு வருசத்துக்கு முந்தினவனையே விடேல்லை. எங்கட ஆளையும் விடமாட்டார். பேரப்பிள்ளையளுக்குச் சொல்லுவார்" என்றாள்.

அதையும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டெக்லன் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் ஒன்று கேட்டார். அது எனக்கு உடனே விளங்கியது. அந்த பஸ்ஸில் போனவரின் பெயர் என்ன என்று கேட்டார்.

நான் சொல்ல வாய் திறந்தேன். எங்கள் குடும்பத்தில் புருசன் பெயரைப் பெண்சாதி சொல்வதில்லை. பத்மாவும் ஆரணியின் அப்பா என்பாள், இவர் என்பாள், கந்தோர்களில் பெயர் கேட்டால் எழுதிக் காட்டுவாள். அந்தப் பெயரை அவள் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பத்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். டெக்லனை நேராகப் பார்த்து, "மகேந்திரன்" என்றாள்.